காய்ச்சிய பறையின் குரல்

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் போனால், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளும் அகல்விளக்குகளும் பலகையில் வரிசையாகக் காய்வதைப் பார்க்கலாம். அப்போது விரல் அழுந்தினாலே விண்டுபோகும். சூளைக்குள் போய்வந்த பிறகு சுண்டினால் கணீரென்கிறது. பறையும் அப்படித்தான். வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். தோல் இறுகினால்தான் அடி பேசும்.

அந்த வைக்கோல் புகையை நம்மில் பலர் சாவு வீட்டு வாசலில்தான் அறிந்திருக்கிறோம். அடிப்பவரைத் தெருவிலேயே நிறுத்திவைத்த ஊர்கள் நம்முடையவை. விருத்தாசலத்தில் வாழும் எழுத்தாளர் இமையம், 'கோவேறு கழுதைகள்' நாவலில் அப்படி வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மனிதர்களின் வாழ்க்கையைத்தான் எழுதினார்.

வாசலில் நின்ற அந்த இசை மேடையின் நடுவுக்கு வந்த நாட்களில் ஒன்று 2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் கோட்டு அணிந்து நின்றார்கள். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி அது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையே குழுவின் பெயரானது.

வடசென்னையின் பழைய கானாப் பாட்டும் பறையும் கட்ட மோளமும் ஒரு பக்கம். கிட்டாரும் டிரம்ஸும் ராப்பும் மறுபக்கம். ஆனால், கிட்டார் வந்ததற்காகப் பறை பின்வரிசைக்குப் போகவில்லை. தாளத்தை அது எடுத்துக் கொடுக்க, மற்றவை தொடர்ந்தன. இரங்கல் வீடுகளில் ஒலித்துவந்த கானா, இட ஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பற்றி நேருக்கு நேர் பேசியது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் குரல் கொடுத்த பாடகி இசைவாணி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே மேடையில் பாடிய ராப் பாடகர் அறிவு, 2021-இல் 'எஞ்சாயி எஞ்சாமி' பாடல் வழியாக உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தார்.

பழைய இசையைக் காப்பாற்றுவது என்றால் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதல்ல. அதை வாசிப்பவருக்கு மேடையும் மரியாதையும் ஊதியமும் கொடுப்பது. அதைச் செய்துகாட்டியதே இந்தக் குழுவின் பெரிய சாதனை.

உங்கள் தெருவில் அடுத்தமுறை பறை ஒலித்தால், அடிப்பவரின் பெயரைக் கேளுங்கள். உட்கார நாற்காலி போடுங்கள். அவர் அறிந்த அடிகளை, அவர் சம்மதத்தோடு பதிவு செய்யுங்கள்.