பதினாறு வயதின் கோடை

பள்ளிக்கூடம் மூடிய பிறகுதான் சில பிள்ளைகளுக்குப் பெரிய பரீட்சைகள் ஆரம்பமாகின்றன. சங்கங்களைப் பார்வையிடுவதற்காக ஊர் ஊராய்ச் செல்லும் நாம் சித்திரை, வைகாசி மாதங்களில் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். குடியானவர் வீட்டுப் பையன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு முதன்முதலாய்க் கிணற்றில் குதிப்பது இக்காலத்தில்தான். தகப்பனாருக்குத் துணையாக மஞ்சள் மூட்டைகளின் அருகே விற்பனைக் கூடத்தில் ஓர் இரவு விழித்திருப்பதும் இக்காலத்தில்தான். தாயாருக்கு உடம்பு சரியில்லையென்று பால் சங்கத்திற்குத் தனியே சென்று, அளவைச் சரிபார்த்து வாங்கி வந்த பெண்ணையும் நாம் அறிவோம். இவற்றை எந்தப் பதிவேட்டிலும் எவரும் எழுதுவதில்லை.

சென்ற கோடையில் பவானிக்கு அருகிலுள்ள ஒரு நெசவாளர் இல்லத்தில் நாம் கண்டதை மட்டும் இங்கே சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

பவானி ஜமக்காளத்தைப் பற்றி நமது அங்கத்தினர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆயினும் விவசாய அன்பர்களுக்காகச் சில வார்த்தைகள். தடித்த பருத்தி நூலைக்கொண்டு குழித்தறியில் நெய்வது அது. அகலமான விரிப்பாயின் ஒருவரால் நெய்ய இயலாது. குழியில் இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் விடும் நாடாவை மற்றவர் வாங்கி, அச்சுப் பலகையை ஒரே சமயத்தில் ஒரே பலத்துடன் இழுத்து அடிக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய இரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. சட்டத்தின் ஒதுக்கீடு ஒருபுறம் இருக்க, கடைவீதியில் விற்பது என்ன என்பதை அங்கத்தினர்களே அறிவார்கள்.

நாம் சென்ற வீட்டில் தறியில் பாதி நெய்த அகல ஜமக்காளம் ஒன்று நின்றிருந்தது. பல ஆண்டுகளாக உடனிருந்து நெய்த மைத்துனர் திருப்பூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். மறு ஆள் கிடைக்கவில்லை. பாவு தறியில் நிற்க நிற்கக் கூலியும் நின்றுவிடும் அன்றோ? பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த மகன், யாரும் அழைக்காமலேயே, மாமன் அமர்ந்த இடத்தில் போய் உட்கார்ந்தானாம்.

நமது முதற் கேள்வி அவன் வயதைப் பற்றியதாக இருந்தது. பதினாறு நடக்கிறது என்றார் தகப்பனார். 2016-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பதினான்கு வயது நிரம்பாதவர்கள் பள்ளி நேரம் போக, விடுமுறையில் குடும்பத் தொழிலுக்கு உதவலாமேயன்றி வேறு வேலை செய்தல் கூடாது. பதினான்கு முதல் பதினெட்டு வரை உள்ளவர்களை அபாயமான தொழில்களில் ஈடுபடுத்தலாகாது. இதனை நாம் எடுத்துரைத்தபோது அவர் சற்று வருத்தத்துடன், "அவனை நான் கூப்பிடலீங்க சார், அவனா வந்து குந்திக்கிட்டான்" என்றார்.

முதல் மூன்று நாட்கள் அவனுக்குத் தோல்வியே. பையனின் அடி தகப்பனாரின் அடிக்கு ஈடாகவில்லை. அவன் பக்கம் நெருக்கம் குறைந்து, குறுக்குக் கோடுகள் ஒருபுறமாய்ச் சாய்ந்தன. அம்மாதிரி விரிப்பைச் சங்கத்தில் இரண்டாந்தரமாகவே எடுப்பார்கள். தகப்பனார் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் விடியுமுன் பையன் தானாகவே குழியில் இறங்கி, தான் நெய்த ஒரு சாண் துணியையும் இழை இழையாகப் பிரித்தெடுத்துவிட்டான். பிரிப்பது நெய்வதைவிடக் கடினமான வேலை என்பதை நெசவாளர் அறிவர். இதை நமக்குச் சொன்னவர் அவன் தாயார். விரல்கள் வீங்கியிருந்தமையால் அன்று காலை அவனுக்குச் சோறு பிசைந்து கொடுக்க நேர்ந்ததென்று கூறிச் சிரித்தார்.

இரண்டு வாரங்கள் கழித்து அவ்வூர்ச் சங்கத்திற்கு நாம் மீண்டும் சென்றிருந்தோம். ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே பையன் பாஸ்புத்தகத்துடன் வாசலில் வந்து நின்றான்.

"ஏனுங்க சார், எங்கப்பா கூலியில எப்பவும் பணம் பிடிக்கிறாங்களே, அது யாருக்குப் போகுதுங்க?"

வேலை மும்முரத்தில், காரியதரிசியைக் கேட்டுக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினோம். இப்போது நினைத்தாலும் நாணமாக இருக்கிறது. அவன் ஏற்கெனவே அலுவலகத்தில் கேட்டிருந்தான். சின்னப் பையனுக்கு இதெல்லாம் எதற்கு என்ற பதிலே கிடைத்திருந்தது. மதியம் நாம் வெளியே வரும்போதும் அவன் வேப்பமரத்தடியில் அதே புத்தகத்துடன் நின்றான். பிறகுதான் உட்கார்ந்து பார்த்தோம்.

ரூ. 2,400 கூலிக்கு ரூ. 192 பிடித்தம். அதற்கு முந்தைய பதிவுகள் யாவற்றையும் அவன் ஒரு பழைய நோட்டில் எழுதிக் கணக்கிட்டிருந்தான். "எல்லாத்துலயும் நூத்துக்கு எட்டுதானுங்க வருது. தப்பா இருந்தா ஒரு மாசம் கூடும், ஒரு மாசம் கொறையுமில்லீங்களா?" என்றான். யாரோ ஏமாற்றுகிறார்கள் என்ற சந்தேகத்தில் ஆரம்பித்து, அது ஒழுங்கான பிடித்தம் என்பதைத் தானே கண்டுபிடித்திருந்தான். அதன் பெயர்தான் அவனுக்குத் தெரியவில்லை.

அது கூட்டுறவு நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டம். 1975 முதல் நடந்துவருவது. கூலியில் ரூபாய்க்கு 8 காசு நெசவாளர் செலுத்த, அரசு 4 காசு சேர்க்கிறது. ஆகவே அந்த ரூ. 192-க்கு அரசின் பங்கு ரூ. 96, இரண்டும் தகப்பனாரின் பெயரிலேயே வட்டியுடன் சேரும். இதைக் கேட்டதும் அவன் மகிழ்வான் என்று எதிர்பார்த்தோம். அவனோ, "அப்பாவுக்கே இது தெரியாதுங்களே" என்று மட்டும் சொன்னான். இத்தனை ஆண்டுகளாகக் கையெழுத்திட்டு வந்தவருக்கு இதனை எடுத்துச் சொல்லாதது யார் குற்றம்? நம்மைப் போன்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

கணக்கில் கெட்டிக்காரனாயிற்றே என்று நாம் பாராட்டியபோது அவன் முகம் சுருங்கியது. பரீட்சை முடிவு வந்து இரண்டு நாட்களாகியிருந்தன. தேறுவதற்கு 35 மதிப்பெண் வேண்டும். கணிதத்தில் அவன் பெற்றது 29. முடிவு கைப்பேசியில் வந்தது. அவ்வீட்டில் அதைப் பார்க்கத் தெரிந்தவன் அவன் ஒருவனே. இன்னும் வரவில்லையென்று வீட்டாரிடம் கூறியிருந்தான். அகல ஜமக்காளம் அன்றுதான் தறியிலிருந்து இறங்கியிருந்தது. கோடுகள் நேராக இருந்தன. அந்த மகிழ்ச்சியைத் தகப்பனாரிடமிருந்து பறிக்க அவனுக்கு மனம் வரவில்லை போலும்.

துணைத்தேர்வு எழுதி அந்த ஆண்டே மேல்வகுப்பில் சேரலாம் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னோம். வீட்டாரிடம் நாமே சொல்கிறோம் என்றதற்கு வேண்டாமென்று தலையசைத்தான். அன்றிரவு விளக்கு வைத்தபின் அவனே சொல்லிவிட்டான் என்று பிற்பாடு அறிந்தோம். தகப்பனார் திட்டவில்லை; வெகுநேரம் பேசாமலிருந்து, மறுநாள் முதல் அவனைத் தறிக்குழியில் இறங்கவிடவில்லை. பேசாமலிருந்த அந்த நேரம்தான் கோடை முழுவதிலும் தனக்கு மிகவும் கடினமாயிருந்ததென்று பையன் நம்மிடம் கூறினான்.

ஆடி மாதத்தில் அவ்வழியே சென்றபோது மறுபடியும் அவ்வீட்டில் நின்றோம். கணிதத்தில் 44 பெற்றுத் தேறி, பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தான். சேலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பற்றியும், அங்குள்ள மூன்றாண்டுப் பட்டயப் படிப்பைப் பற்றியும் தகப்பனாரிடம் பேசினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அத்தனை படிச்சுப்போட்டு வந்து இந்தக் குழியில எறங்குவானுங்களா சார்?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

தேநீர் வந்தது. பாஸ்புத்தகத்தை இப்போது பையன் படித்துச் சொன்ன பிறகே அவர் கையெழுத்திடுகிறாராம். பேசிக்கொண்டே அவர் மீண்டும் தறியில் அமர்ந்தார். அகலப் பாவு அங்கே இல்லை. ஒருவர் நெய்யக்கூடிய குறுகிய பாவைப் பூட்டியிருந்தார். மகன் அமர்ந்த பக்கத்தில் நூல் கூடை வைக்கப்பட்டிருந்தது.