அட்டைக்கும் ஒரு பண்ணை

பொம்மிடிப் பக்கம் அட்டை என்றால் ஏரிச் சேற்றில் காலைக் கவ்விக்கொள்வதுதான். கடல் அட்டை அந்த ஜாதி இல்லை. நட்சத்திர மீனுக்கு உறவு. யாரையும் கடிக்காது. நிலத்தில் மண்புழு செய்வதைக் கடலடியில் செய்கிறது: மணலை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்றுவிட்டு, சுத்தமான மணலை வெளியே தள்ளுகிறது. மூச்சு விடுவது பின்வாசல் வழியாக!

நம்மூரில் யாரும் இதைத் தின்பதில்லை. ஆனாலும் குடலெடுத்து வேகவைத்து, மணலில் புதைத்து, தோலிலுள்ள சுண்ணாம்பைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தால் சீனத்து விருந்தில் அதற்குத் தனி மரியாதை. அதிலும் 'வெள்ளை அட்டை'க்கு விலை அதிகம்.

அந்த வெள்ளை அட்டையை உலகிலேயே முதலில் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைத்தது தூத்துக்குடியில். 1988இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் டி. பி. ஜேம்ஸ் அதைச் செய்துகாட்டினார். ஆண், பெண் எது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் பலவற்றை ஒரே தொட்டியில் விட்டு, தண்ணீரின் சூட்டை மூன்று நான்கு டிகிரி ஏற்றுவார்கள். முதலில் ஆண் அட்டை தலைப்பக்கத்தைத் தூக்கி, பாம்பு போல ஆடிக்கொண்டே விந்தைப் பாய்ச்சும். அது தண்ணீரில் கலந்ததும் பெண் முட்டைகளைப் பீய்ச்சும், லட்சக்கணக்கில். இரண்டு நாளில் கண்ணாடி போன்ற இளவுயிரிகள் மிதக்கும். அவற்றுக்கு வளர்ப்புப் பாசிதான் தீனி. இரண்டாவது வாரத்தில் பீப்பாய் வடிவெடுத்து, சாப்பாட்டை நிறுத்திவிட்டு, ஒட்டிக்கொள்ள இடம் தேடும். பாசி படிந்த தகடுகளைத் தொட்டிக்குள் இறக்குவது அப்போதுதான். செத்துப்போவதும் இந்தக் கட்டத்தில்தான் அதிகம்.

2001இல் இந்திய அரசு கடல் அட்டையை வனவிலங்குச் சட்டத்தில் புலியோடு சேர்த்துப் பட்டியலிட்டது. பிடித்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம். வித்தை கற்ற கரையில் தொழில் இல்லை.

எதிர்க்கரையான இலங்கையில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கடலோரங்களில் கம்பு நட்டு வலை கட்டி வளர்க்கிறார்கள். தீனி வாங்க வேண்டியதில்லை, மணலே போதும். நண்டு புகாமல் காத்தால் சரி. ஆனால் வேலி போட்ட கடலில் மற்றவர்களின் படகுக்கு வழி ஏது? கிளிநொச்சிப் பக்கத்துக் கிராஞ்சியில் மீனவர்கள் இதற்காகவே போராட்டத்தில் இறங்கினார்கள்.

பகலில் அட்டைகள் பெரும்பாலும் மணலுக்குள் புதைந்து கிடக்கும். எத்தனை பிழைத்திருக்கின்றன என்று பார்க்க, பண்ணைக்காரர் பொழுது சாய்ந்தபின் டார்ச்சோடு இடுப்பளவு நீரில் இறங்க வேண்டும்.