கடலில்லாத் துறைமுகம்

துறைமுகப் பட்டினம் என்றதும் சில காட்சிகள் நெஞ்சில் தோன்றும். கலங்கள் வந்து நிற்கும், பொதிகள் இறங்கும், பல மொழி பேசும் மக்கள் ஒரே தெருவில் நடமாடுவர், அனைத்தையும் காத்துக்கொண்டு பழங்கோட்டை ஒன்று நிற்கும். பண்டைக் காவிரிப்பூம்பட்டினம் முதல் இன்றைய சிங்கப்பூர் வரை துறைமுகங்களின் இயல்பு இதுவே. கடலையே காணாத மேட்டு நிலத்திலும் இவ்வியல்புகள் யாவும் அமைந்த பகுதி ஒன்று தமிழகத்தில் உண்டு. கிருஷ்ணகிரி முதல் ஓசூர் வரை பரந்து கிடக்கும் எல்லைப்புறமே அது. அங்கே கப்பலுக்கு மாறாகச் சரக்கு வண்டிகளும், கடலுக்கு மாறாக நெடுஞ்சாலைகளும் உள்ளன. ஒரு நாட்பொழுதில் அதனைச் சுற்றிக் காண்பவர், வாயிலில் வாழும் மக்களின் சிறப்பையும் பொறுப்பையும் ஒருங்கே அறிவர்.

உலாவைக் கிருஷ்ணகிரியில் தொடங்குதல் நன்று. சென்னையிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டரும், பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டரும் தொலைவில் உள்ளது இவ்வூர். காசுமீரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை இதன் வழியே செல்கின்றது. சென்னையிலிருந்து வரும் சாலையும், புதுச்சேரியிலிருந்து வரும் சாலையும் இங்கு வந்து கூடுகின்றன. தருமபுரி மாவட்டத்தினின்றும் பிரிந்து 2004ஆம் ஆண்டில் தனி மாவட்டமான இந்நிலம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களையும் எல்லையாக உடையது. விடியற்காலையில் சாலையோரத்தில் சிறிது நேரம் நின்றாலே போதும். பல மாநிலத்து வண்டிகள் அணி அணியாகக் கடந்து செல்வதைக் காணலாம்.

நகரை ஒட்டி நெடிதுயர்ந்து நிற்கும் பாறை மலையின்மேல் கிருஷ்ணகிரிக் கோட்டை அமைந்துள்ளது. விசயநகரப் பேரரசின் காலத்தோடு தொடர்புடைய இக்கோட்டை, பின்னர் மைசூர் வேந்தர் கைக்கு வந்தது. வெயில் ஏறுமுன் படிகளில் ஏறுதல் வேண்டும். உச்சியில் நின்று நோக்கினால், கோட்டை இவ்விடத்தில் எழுந்த காரணம் தானே விளங்கும். கீழ்நாட்டிலிருந்து மேட்டு நிலத்திற்கு ஏறும் வழி முழுவதும் கண்முன்னே கிடக்கும். வழியைக் காத்தவர் நாட்டைக் காத்தனர். ஆதலின் இம்மலைக்காகப் போர்கள் பல நிகழ்ந்தன. 1768ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர்; பின்னர் இது மீண்டும் மைசூரார் வசமாயிற்று. 1791ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை மறுபடியும் மலையேறித் தாக்கிய பொழுது, மேலிருந்து உருட்டப்பட்ட பாறைகளுக்கு ஆற்றாது பின்வாங்கியது. போரால் அடையாத கோட்டையை அவர்கள் 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அடைந்தனர்.

அக்காலத்தில் இந்நாட்டுப் பகுதிக்குப் பாராமகால் என்பது பெயர். அதனை ஆளவந்த அலெக்சாந்தர் ரீடு என்பாரும், அவருடைய துணைவராகப் பணியாற்றிய தாமசு மன்றோவும், நிலத்தை அளந்து உழவரிடமே நேராக வரி பெறும் முறையை இங்கே வகுக்கத் தொடங்கினர். பிற்காலத்தில் சென்னை மாநிலத்தின் பெரும்பகுதியில் பரவிய இரயத்துவாரி முறையின் தொடக்கம் இதுவே. மன்றோ பின்னாளில் சென்னையின் ஆளுநரும் ஆனார். கோட்டையினின்றும் இறங்கி அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்றால் நடுகற்களைக் காணலாம். கவரப்பட்ட ஆநிரையை மீட்கும் போரில் உயிர் துறந்த வீரர்க்கு ஊரார் நட்ட கற்களும் அவ்வகையைச் சேர்ந்தவை. வேந்தர்க்குக் கோட்டை நினைவுச் சின்னம் ஆயிற்று. பெயர் பரவாத எளிய வீரர்க்கு ஒரு கல்லே நினைவுச் சின்னம் ஆயிற்று.

கோடைக்காலத்தில் வருவோரை மாங்கனியின் மணம் வரவேற்கும். கிளியின் மூக்குப் போன்ற நுனியை உடைய பெங்களூரா என்னும் வகை இங்கு மிகுதியாக விளைகின்றது. கனியின் சதையைப் பிழிந்து, சூடேற்றி நுண்ணுயிர்களை அழித்து, காற்றுப் புகாவண்ணம் அடைக்கும் ஆலைகள் இம்மாவட்டத்தில் பல உள்ளன. இங்ஙனம் அடைக்கப்பட்ட மாங்கூழ் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் செல்கின்றது. கடலைக் காணாத உழவரின் உழைப்பு கடலைக் கடக்கின்றது.

நகருக்கு அண்மையில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே கிருஷ்ணகிரி அணை கட்டப்பட்டுள்ளது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் உருவான இவ்வணையின் முழு நீர்மட்டம் 52 அடி. இதன் இடப்புற, வலப்புறக் கால்வாய்களால் ஏறத்தாழ 9,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறுகின்றது. தென்பெண்ணை கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஓசூருக்கு அருகே தமிழகத்துள் புகுந்து, இவ்வணையைக் கடந்து, கடலூருக்கு அருகே வங்கக் கடலில் கலக்கின்றது. எல்லை கடந்து வரும் விருந்தினருள் தலைமை வாய்ந்தது இவ்வாறே எனலாம்.

நண்பகலில் மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, சூளகிரி வழியாகச் சிறிது சிறிதாக உயர்கின்றது. காற்றும் தண்மை பெறுகின்றது. இவ்வழியினின்றும் சற்று விலகி மல்லச்சந்திரம் என்னும் சிற்றூரை அடையலாம். அங்குள்ள பாறைக் குன்றின்மேல் கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி, மேலே பெருங்கல்லை மூடியாக இட்ட கல்திட்டைகள் பல உள்ளன. சிலவற்றில் முன்பலகையில் வட்டமான துளையும் உண்டு. இறந்தோரை நினைந்து பெருங்கற்கால மக்கள் அமைத்தவை இவை. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் 2021ஆம் ஆண்டில் நடந்த அகழாய்வில் கிடைத்த இரும்போடு தொடர்புடைய மாதிரி கி.மு. 2172ஆம் ஆண்டைச் சார்ந்தது என்ற முடிவு 2022ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலத்து மக்கள் இரும்பை அறிந்திருந்தனர் என்பது இதனால் புலனாகும். இத்துணைப் பழமை வாய்ந்த சின்னங்களுள், புதையல் உண்டெனக் கருதித் தோண்டியவராலும், கல் பெயர்த்தவராலும் அழிந்தவை உண்டு. ஒரு முறை உடைந்த கல்திட்டை மீண்டும் பழையதாகாது.

ஓசூருக்கு அருகே உள்ளது தொரப்பள்ளி. இச்சிற்றூரில் 1878ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாளில் இராசகோபாலாச்சாரியார் பிறந்தார். ஓசூரில் கல்வி பயின்ற அவர், விடுதலை பெற்ற இந்தியாவின் தலைமை ஆளுநராக 1948 முதல் 1950 வரை விளங்கினார். அப்பதவியை வகித்த இந்தியர் அவர் ஒருவரே. அவர் எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. அவர் பிறந்த எளிய இல்லம் இன்று நினைவில்லமாகக் காக்கப்படுகின்றது.

பிற்பகலில் ஓசூரை அடைபவர், முதலில் சந்திரசூடேசுவரர் கோயில் அமைந்த குன்றின்மேல் ஏறுதல் தகும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரில் வெயிலின் கடுமை குறைவு. புதிய ஊர் என்னும் பொருளுடைய கன்னடச் சொல்லிலிருந்து ஓசூர் என்னும் பெயர் வந்தது என்பர். கடைவீதியில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும். வணிகர் ஒருவரே வாங்க வருவோர்க்கேற்ப மொழியை மாற்றிக்கொண்டு பேசுவதைக் காணலாம். துறைமுகப் பட்டினங்களின் சிறந்த பண்பு இதுவன்றோ!

குன்றின் உச்சியிலிருந்து நோக்கினால் நகரைச் சூழ்ந்த தொழிற்சாலைகள் தோன்றும். 1971ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மாநிலச் சிப்காட் நிறுவனம் இங்குத் தொழிற்பேட்டையை அமைத்த பின்னர் ஊரின் தோற்றமே மாறிற்று. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'டிவிஎஸ் 50' என்னும் சிறு மோட்டார் வண்டி இங்கு உருவானதே. டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984ஆம் ஆண்டில் கூடித் தொடங்கிய டைட்டன் கைக்கடிகார நிறுவனத்தின் ஆலையும் ஈண்டே உள்ளது. ஆலைகளுக்கு அப்பால் பசுமைக்குடில்களில் ரோசா மலர்கள் பயிராகின்றன. இத்தண்ணிய காற்றில் வளர்ந்த மலர்கள் விமானமேறி வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. 2019ஆம் ஆண்டில் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது.

பொழுது சாயும் வேளையில் உலா கெலவரப்பள்ளி அணையில் நிறைவு பெறும். தென்பெண்ணை தமிழகத்துள் புகுந்ததும் தங்கும் முதல் இடம் இதுவே. இங்குக் காண்போர் மகிழ்வதற்கு மாறாக வருந்தும் காட்சியும் உண்டு. மழைக்காலத்தில் மதகுகளைத் திறக்கும்பொழுது, வெண்ணுரை மலைபோல் பொங்கி எழுந்து கரையோர வயல்களிலும் படிந்த நிகழ்ச்சி பன்முறை நேர்ந்துள்ளது. ஆற்றின் மேற்புறத்தில் உள்ள மாநகரின் கழிவுநீர் ஏரிகளில் சேர்ந்து ஆற்றை அடைகின்றது. வீடுகளில் துணி வெளுக்கப் பயன்படும் சவர்க்காரப் பொருள்களும் ஆலைக் கழிவுகளும் அதில் கலந்துள்ளன. அத்தகைய நீர் உயரத்தினின்றும் விழும்பொழுது காற்று உட்புகுந்து குமிழிகள் தோன்றும். சவர்க்காரப் பொருள் அக்குமிழிகள் எளிதில் உடையாவண்ணம் காக்கும். நுரையின் பெருக்கம் நீரின் கேட்டிற்கு அடையாளமாகும்.

இந்நுரையைக் கண்டு மேற்புறத்தாரை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. மேற்புறத்து மாநகர்க்கு ஓசூர் கீழ்ப்புறம். கிருஷ்ணகிரி உழவர்க்கோ ஓசூரே மேற்புறம். கிருஷ்ணகிரிக்குக் கீழே தருமபுரியும் திருவண்ணாமலையும் விழுப்புரமும் கடலூரும் உள்ளன. ஓசூர் தன் கழிவைத் தூய்மை செய்யாது விடுமாயின், அதே துன்பத்தைத் தன் அண்டையார்க்கு இழைத்ததாகும்.

வாயிலில் வாழ்வோர்க்குப் பல நலன்கள் உண்டு. மொழிகள் பல கைவரும், தொழில்கள் பெருகும், செல்வம் சேரும். ஆயின், வாயிலைக் கடந்து செல்வன யாவற்றிற்கும் அவர்களே காவலராவர். முன்னோர் நட்ட கல்லையும், அண்டையார் உண்ணும் நீரையும் காத்தல் அக்காவலுள் அடங்கும். தென்பெண்ணை இறுதியில் சென்று சேர்வது கடலூர் என்னும் உண்மையான பழந்துறைமுகத்தின் அருகில் ஆகும். கடலில்லாத் துறைமுகத்தில் தொடங்கிய தூய நீர், கடல்துறை வரை தூயதாகவே செல்லுமாறு காப்பதே எல்லைப்புற மக்கள் நாட்டிற்குச் செய்யத்தக்க நற்பணியாகும்.