சவலைப் பிள்ளை

அடுத்த கரு உண்டானதும் பால்குடி மறக்கடிக்கப்பட்டு, கைகால் சூம்பி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டு தாயின் முந்தானையைப் பற்றித் திரியும் குழந்தையைச் ‘சவலைப் பிள்ளை’ என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. இன்று கானா என்றும் அந்நாளில் கோல்டு கோஸ்ட் என்றும் பெயர் பெற்ற ஆப்பிரிக்க நாட்டில் வைத்தியம் செய்துவந்த ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற மாதரசி, கால் வீங்கி, தோல் உரிந்து, மயிர் செம்பட்டையான குழந்தைகளின் நோயை 1933-இல் விவரித்து எழுதினார். 1935-இல் அதற்குக் கா மொழி பேசும் தாய்மார் வழங்கிய ‘குவாஷியோர்க்கர்’ என்ற பெயரையே உலகறியச் செய்தார். தம்பியோ தங்கையோ பிறந்ததும் தன் ஸ்தானத்தை இழந்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அங்கே வீக்கம், இங்கே மெலிவு. ஆயினும் இரண்டு ஜனங்களும் நோயின் வேரைக் குடும்பத்துக்குள்ளே கண்டார்கள். வைத்திய சாஸ்திரம் புரதக் குறைவு என்று பின்னால் கூறிய விளக்கத்தைக் காட்டிலும், அந்தத் தாய்மாரின் பார்வையே ஆழமானது என்பது என் அபிப்பிராயம்.

மார்பில் வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசி ஒரே நாளில் பாலை நிறுத்துவது பல வீடுகளில் சம்பிரதாயமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கிரமம் வேறு: ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் வேறு ஆகாரம் தொடங்கினாலும், இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ பாலும் கூடவே நடக்க வேண்டும். கருவிலிருந்தே சிசு சேர்த்துக்கொண்டு வந்த இரும்புச் சத்து ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் அச்சத்து சொற்பமே. ஆகவேதான் அன்னப்பிராசனம் ஏறக்குறைய அப்பிராயத்தில் அமைந்தது பொருத்தமாயிற்று.

ஆனால் சோறூட்டும் சடங்கு முடிந்த மறுநாள் கிண்ணத்தில் என்ன இருக்கிறது? பெரும்பாலும் வடித்த கஞ்சியின் தெளிவு, அல்லது டீயில் நனைத்த பிஸ்கட். குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. தண்ணீராய் ஓடும் கஞ்சி அதை நிரப்பிவிடும், போஷாக்கோ சேராது. டீ, உள்ள இரும்புச் சத்தும் உடம்பில் சேராமல் தடுக்கிறது. மாறாக, கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைத்தால், மாவு அதிகம் போட்டாலும் கூழ் இறுகிப்போகாது. அதில் பருப்பும் ஒரு சொட்டு எண்ணெயும் சேர்ந்தால் அரைக் கிண்ணமே போதுமான ஆகாரமாகிறது.

இது தெரியாமலா தாய் தண்ணீர்க் கஞ்சி ஊட்டுகிறாள்? விடியுமுன் நடவுக்குப் போகிறவள், ஆறு மாதக் குழந்தையை எட்டு வயது அக்காளிடம் விட்டுச் செல்கிறாள். அச்சிறுமிக்குக் கலக்கத் தெரிந்தது அதுதான். 2017-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இருபத்தாறு வாரம் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பை அளித்ததே, அது அலுவலகத்துக்கும் ஆலைக்கும் போகிறவளுக்கு. நாற்றுக்கட்டு தூக்குகிறவளுக்கு அல்ல. அவள் வீட்டுக் குடத்து நீர் சுத்தமில்லையென்றால், கழுவாத புட்டி வழியே பேதி வருகிறது. பேதி வந்தால், உண்டதும் ஒட்டாமல் போகிறது. தாயின் படிப்பு, இரு பிள்ளைகளுக்கு இடையிலுள்ள காலம், கூலி, கிணறு என்று இத்தனையும் அந்தக் கிண்ணத்துக்குள் வந்து சேருகின்றன.

2019-21-இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதிய ஆகாரம் பெறுவோர் நம் தேசத்தில் நூற்றுக்கு 11.3 பேர்தாம். ஆறு மாதம் நிறைந்த, ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுக் குழந்தைகளில் நூற்றுக்கு 57.4 பேருக்கு ரத்தசோகை. சத்துமாவை அங்கன்வாடி வீடுதோறும் கொடுத்தனுப்பும் ராஜ்யத்தின் கணக்கு இது.

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஆறு மாதம் நிறைந்த குழந்தை இருக்குமானால், அதன் கிண்ணத்தை இன்று ஒருமுறை பாருங்கள். கரண்டியைச் சாய்த்ததும் கூழ் நீராய் ஒழுகினால், அந்தத் தாயைக் குறை சொல்லாமல், பகல் வேளையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்று வீட்டாரைக் கேளுங்கள்.