கால்வாய்க் கரையும் காட்டுப் பாதையும்
திருவனந்தபுரம் வட்டாரத்தில் மிதிவண்டிப் பிரயாணம்

மோட்டார் வாகனங்கள் செல்லாத தனிப் பாதைகளில் மிதிவண்டி ஏறி நெடுந்தூரம் சென்று வரும் வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், கைவிடப்பட்ட ரயில் தடம் ஒன்று 1960களில் சீர்செய்யப்பட்டு, எல்ராய் என்னும் ஊரிலிருந்து ஸ்பார்ட்டா வரை ஏறக்குறைய 51 கிலோமீட்டர் நீளமுள்ள மிதிவண்டிப் பாதையாயிற்று. பிரிட்டனில் பிரிஸ்டல், பாத் ஆகிய நகரங்களுக்கிடையே இருந்த பழைய ரயில் தடம் 1979 முதல் 1986 வரை படிப்படியாக இவ்வாறே மாற்றப்பட்டது. ஸ்பெயின் நாடு 1993 முதல் தன் பழைய ரயில் தடங்களைப் 'பசுமை வழிகள்' என்ற பெயரில் மக்களுக்குத் திறந்து விட்டு வருகிறது. இம்மூன்றிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு. எங்கும் புதிய பாதை வெட்டப்படவில்லை. முன்னோர் வேறொரு போக்குவரத்துக்காக அமைத்த மென்சரிவான தடமே மறுபடியும் பயனுக்கு வந்தது.

திருவனந்தபுரத்தில் இத்தகைய பழைய தடம் எது என்று ஆராய்ந்தால், அது ரயில் தடமன்று. கால்வாய்க் கரை என்பது புலனாகும்.

நீர்வழியின் வரலாறு

திருவிதாங்கூரில் 1815 முதல் 1829 வரை ஆட்சிப் பொறுப்பு வகித்த ராணி கௌரி பார்வதி பாயி காலத்தில், திருவனந்தபுரத்தை அடுத்த வள்ளக்கடவையும் வடக்கேயுள்ள வேளி, கடினங்குளம் காயல்களையும் இணைக்கும் கால்வாய் வெட்டப்பட்டது. அதுவே 'பார்வதி புத்தனாறு' எனப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வர்க்கலையில் குன்றைக் குடைந்து இரண்டு சுரங்கங்கள் அமைக்கப்பட்டன. அதன் பின்னர் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரம் வரை படகில் வருவது சாத்தியமாயிற்று. தெற்கு நோக்கிக் கன்னியாகுமரி வரை நீர்வழி அமைக்கும் எண்ணத்துடன் 1860இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் தொடங்கப்பட்டது. பூவாறு முதல் மண்டைக்காடு வரையுள்ள பகுதியோடு அம்முயற்சி நின்றுவிட்டது. அக்கால்வாயின் பெரும்பகுதி 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

கொல்லத்திலிருந்து ரயில் 1918இல் திருவனந்தபுரத்தை எட்டியது. பின்னர் மோட்டார் லாரிகளும் பெருகின. படகுகள் குறைந்தன, கால்வாய்கள் தூர்ந்தன, ஆகாயத்தாமரை மூடியது, நகரின் கழிவுநீரும் அவற்றிலேயே கலந்தது. ஆயினும் கடலோரமாக வடக்கு தெற்காக ஓடும் அந்தச் சமதளக் கரை முற்றிலும் அழிந்துவிடவில்லை.

சமதளத்தின் மதிப்பு

மிதிவண்டி ஓட்டுபவருக்குச் சமதளம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை எளிய கணக்கினால் விளக்கலாம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 85 கிலோகிராம் எடை என்று கொள்வோம். இறுகிய மண் பாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்லச் சுமார் 30 வாட் ஆற்றல் போதும். அதே வேகத்தில், நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சரிவில் ஏறுவதற்கு மேலும் 116 வாட் வேண்டும். அதாவது, கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் அச்சரிவு உழைப்பை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. முதியவரும் சிறுவரும் கால்வாய்க் கரையில் களைப்பின்றிச் செல்வதும், குன்றுச் சாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் இதனாலேயே.

கால்வாய் வெட்டியவர்கள் மேட்டைச் சுற்றிச் சென்றனர். சுற்ற முடியாத இடத்தில் குடைந்தனர். ஆதலின் கரையும் பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியே செல்கிறது. வர்க்கலைச் சுரங்கங்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை படகு செல்லும் நீர்ச் சுரங்கங்களாதலால், அவ்விடத்தில் மிதிவண்டிக்காரர் குன்றின் மேலேறித்தான் கடக்க வேண்டும்.

வேறொரு குறையும் உண்டு. இங்கிலாந்தில் குதிரைகள் கரைமேல் நடந்து படகை இழுத்தன. அதற்காகவே கரைநெடுகப் பாதை அமைந்தது. இங்கு வள்ளங்களைக் கழி ஊன்றித் தள்ளினர். ஆதலால் கரை எங்கும் ஒரே அகலமாயிராது. சில இடங்களில் வீடுகள் நெருங்கியுள்ளன. சில இடங்களில் கரையே மோட்டார் சாலையாகிவிட்டது. 2011 பிப்ரவரியில் கரிக்ககத்தில் பள்ளி வேன் ஒன்று பார்வதி புத்தனாற்றில் கவிழ்ந்து பிஞ்சுக் குழந்தைகள் உயிரிழந்ததை அவ்வட்டாரத்தார் மறந்திலர். குறுகிய கரையையும் விரைவு வாகனத்தையும் ஒன்றாகச் சேர்ப்பதில் உள்ள அபாயத்தை அத்துயரம் காட்டுகிறது. கரையில் எவ்வகை வண்டியை விடுவது என்பது உல்லாசப் பிரயாணிகளின் விருப்பத்தைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் உயிரைப் பற்றிய கேள்வியுமாகும்.

மலையும் காடும்

நகருக்குக் கிழக்கே நிலம் படிப்படியாக உயர்கிறது. நெடுமங்காடு, விதுரை வழியாகக் கல்லாறு சென்று, அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. 2023 அக்டோபரில் ஆசிய மலை மிதிவண்டிப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. நகரிலிருந்து பொன்முடி செல்பவர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறார். மேற்கூறிய 85 கிலோகிராமை அவ்வளவு உயரம் ஏற்றுவதற்குரிய வேலை சுமார் 200 கிலோ கலோரி. மனித உடல் உணவின் சக்தியில் நான்கில் ஒரு பங்கையே தசையின் வேலையாக மாற்றுகிறது. ஆகவே இந்த ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 800 கிலோ கலோரி, அதாவது 230 கிராம் அரிசியின் சக்தி, செலவாகும்.

பொன்முடிச் சாலையில் மோட்டார் வாகனங்கள் உண்டு. வாகனமற்ற பாதைகள் அதற்கப்பாலுள்ள காடுகளில் இருக்கின்றன. ஆனால் அவை பொதுப் பாதைகளல்ல. 1958இல் அமைந்த நெய்யாறு சரணாலயமும், 1983இல் அமைந்த பேப்பாறைச் சரணாலயமும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. வன இலாகாவின் அனுமதியின்றி அவற்றில் நுழைதல் குற்றமாகும். அகத்திய மலையில் வாழும் காணிக்காரர்கள் தங்கள் குடியிருப்புகளுக்குச் செல்லும் வழிகளும் அவர்களுடைய அன்றாட வாழ்வுக்கானவை. வெளியார் பந்தயம் ஓடும் இடங்களல்ல.

மிதிவண்டியின் அமைதி காட்டில் நன்மையும் தரும், தீமையும் தரும். புகையும் இரைச்சலும் இல்லாதது நன்மை. ஆனால் மோட்டார் வண்டியின் ஓசையைத் தொலைவிலேயே கேட்டு விலகிவிடும் யானை, ஓசையின்றி வளைவில் திரும்பி வரும் மிதிவண்டியை அருகில் வந்த பின்னரே அறிகிறது. திடுக்கிட்ட யானை தாக்கக்கூடும். ஆதலால் விடியற்காலையிலும் மாலை மயங்கும் வேளையிலும் காட்டுப் பாதையில் வண்டி ஓட்டலாகாது. வளைவுகளில் வேகம் குறைத்தலும், வனக்காவலர் ஒருவரைத் துணைக்கொள்ளுதலும் அவசியம்.

மண்ணும் மழையும்

இவ்வட்டாரத்தின் இடைநாட்டுப் பகுதியில் செம்பூரான் கல் மிகுதி. 1807இல் பிரான்சிஸ் புக்கானன், மலபாரில் அங்காடிப்புரம் அருகே கண்ட இக்கல்லுக்கு, செங்கல் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து 'லாட்டரைட்' என்று பெயரிட்டார். வெட்டும்போது மென்மையாகவும், காற்றுப்பட்டதும் கடினமாகவும் ஆவது இதன் இயல்பு. செம்பூரான் சரளை இட்டு நன்கு இறுக்கிய பாதை மிதிவண்டிக்கு ஏற்றது. ஆனால் திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் பெய்கிறது. சரிவில் சக்கரம் பதித்த தடம் மழைக்காலத்தில் வாய்க்காலாகி, நாளடைவில் பள்ளமாகிவிடும். இதைத் தடுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் குறுக்கு வடிகால்கள் அமைத்து நீரைப் பக்கவாட்டில் வெளியேற்ற வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள மாதங்களே பிரயாணத்துக்கு உகந்தவை.

பள்ளிகள் செய்யக்கூடிய பணி

ஒரு பாதை மிதிவண்டிக்கு ஏற்றதா என்று அறிய விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கொத்தனார் பயன்படுத்தும் நீர்மட்டக் குழாய் ஒன்று போதும். பத்து மீட்டர் இடைவெளியில் இரு மாணவர்கள் குழாயின் இரு முனைகளைப் பிடித்து, ஒவ்வொரு முனையிலும் நீர்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க வேண்டும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 50 சென்டிமீட்டரானால் சரிவு நூற்றுக்கு ஐந்து. இவ்வளவோடு கரையின் அகலம், நிழல் மரங்கள், மழைநீர் தேங்கும் இடங்கள், பெருஞ்சாலையைக் கடக்கும் இடங்கள் ஆகியவற்றையும் குறித்தால், கிராமத்துக்கு ஒரு பாதைப் படம் கிடைக்கும். காடும் தாவரமும் அறிய விரும்புவோர் பாலோட்டில் 1979இல் நிறுவப்பட்ட வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தை இறுதி நிலையமாகக் கொண்டு பிரயாணத்தை வகுக்கலாம்.

இத்தகைய விவரங்கள் இப்பொழுது தேவைப்படுகின்றன. கோவளத்திலிருந்து பேக்கல் வரை 616 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்வழியை மறுபடியும் அமைக்கும் திட்டத்திற்காகக் கேரள அரசாங்கம் 2017இல் தனி நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. அத்திட்டத்தில் கால்வாய் அகலமாகும். கரைவாழ் ஏழைக் குடும்பங்களுக்கு மாற்று இடம் தர வேண்டிய கடமையும் எழும். அக்குடும்பங்களுக்கு நியாயம் செய்து, கழிவுநீரையும் தடுத்தால்தான் கரை மக்களுக்குரிய பாதையாகும். கரை கட்டும்போது மூன்று மீட்டர் அகலத்தை மிதிவண்டிக்கும் நடப்பவர்க்கும் ஒதுக்கி, மோட்டார் நுழையாதபடி முனைகளில் தடுப்புக் கல் நாட்டுவது சிறு செலவு. கரை முடிந்த பின்னர் அந்த மூன்று மீட்டரை மீட்பது மிகக் கடினம்.