இன்னொரு வருமானம் – 11: முன்பணம் வாங்காத ஆடி

சென்ற வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடிந்து வந்து, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் பெண்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர் கேட்டார்: "மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு மேல் வருமானம் சரி. சம்பளமே இல்லாதவனுக்கு எது மெயின், எது சைடு?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் இந்த வாரம் கல்வராயன் மலைக்கு வந்திருக்கிறோம்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வந்து, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் கரியாலூர். படகுத் துறை, சிறுவர் பூங்கா, போலீஸ் ஸ்டேஷன், நாலைந்து டீக்கடை. சனி, ஞாயிறுகளில் பெரியார் அருவிக்குப் போகிற கார்கள் இங்கே நின்று போகும். இன்னும் கொஞ்சம் போனால் ஒன்றியத் தலைமையிடமான வெள்ளிமலை. மலையில் வாழ்கிறவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலை மக்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ்.

நான் போனது மாசிக் கடைசி. சாலையை விட்டு இறங்கிய ஒரு வீட்டின் வாசலில், ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா புளி தட்டிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு கருங்கல், கையில் கட்டை. பழத்தைக் கல்லில் வைத்து ஒரு தட்டு. ஓடு நொறுங்கி உதிர்கிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் நார் முழுசாக, நரம்பு மாதிரி கையோடு வருகிறது. பிறகு சின்னக் கத்தியால் வயிற்றைக் கீறி, கட்டைவிரலால் நெம்பினால் கொட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிக்கின்றன. ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு சாக்கில், புளி ஒரு முறத்தில். அவர் விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. நகக்கண்ணில் வெடிப்பு. அந்த வெடிப்பில் புளி ஏறினால் எப்படி எரியும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"பொழுதுக்கும் குந்தினாலும் ஒரு மூட்டை தீராது தம்பி" என்றார், தலை நிமிராமல்.

அவருடைய வருஷத்தைக் கேட்டேன். ஆடியில் சாமை விதைப்பு. கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. அது வீட்டுக்குச் சோறு, மிஞ்சினால் விற்பனை. முக்கால் ஏக்கரில் மரவள்ளி, அது காசு. மார்கழி, தையில் கடுக்காய். மாசி, பங்குனியில் புளி. இடையில் சீமாற்றுப் புல், சீக்காய், பூந்திக்கொட்டை. வைகாசியில் பலா. நடுநடுவே நூறு நாள் வேலை. கோடையில் டூரிஸ்ட் வந்தால் சாலையோரம் பழம், தேன். இரண்டு ஆடு, நாலு கோழி.

இதில் எது மெயின், எது சைடு? எதை எடுத்தாலும் தனியாக ஒரு குடும்பத்தைத் தாங்காது. எதை விட்டாலும் வருஷத்தில் ஒரு மாதம் ஓட்டை விழும். நகரத்தில் நாம் சம்பளத்துக்கு மேல் போர்த்திக்கொள்கிற போர்வையாகப் பக்க வருமானத்தைப் பார்க்கிறோம். இங்கே ஒட்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்ததுதான் போர்வையே.

ஓரளவு பெரிய துணி மரவள்ளிக் கிழங்குதான். மலையில் விளைகிற கிழங்கு லாரி ஏறி ஆத்தூர், சின்னசேலம் பக்கத்து சேகோ ஆலைகளுக்குப் போகிறது. விலை எடையை மட்டும் வைத்து வராது. ஆலையில் மாவுச்சத்தைச் சோதித்து 'பாயின்ட்' போடுவார்கள். பாயின்ட் குறைந்தால் விலை குறையும். பத்து மாதம் மண்ணில் கிடந்த கிழங்குக்கு, லாரி போய்ச் சேர்ந்த பிறகுதான் விலை தெரியும். தோண்டிய கிழங்கை வைத்திருக்கவும் முடியாது, இரண்டு மூன்று நாளில் கறுத்துவிடும். சேலத்தில் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு, ஜவ்வரிசியையும் ஸ்டார்ச்சையும் உற்பத்தியாளர்கள் வைத்திருந்து ஏலத்தில் விற்க வழி செய்தது. அந்த வசதி ஆலைக்காரருக்கு. கிழங்குக்காரருக்கு அப்படி ஒரு கிடங்கு கிடையாது, கிழங்கின் இயல்பு அப்படி.

2020-ல் தமிழ்நாட்டு மரவள்ளியில் புதிதாக மாவுப்பூச்சி இறங்கியது. நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகிவிடும். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ஓர் ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி, 2022 மார்ச்சில், இந்த மலையின் மறுபக்க அடிவாரத்திலிருக்கும் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அரிசிமணியை விடச் சிறிய அந்தக் குளவி எத்தனை வீட்டு அடுப்பைக் காத்தது என்று நினைத்தால் நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்த இடைப்பட்ட காலத்தில் கிழங்கு கைவிட்ட வீடுகள், காட்டுப் பொருளையும் கூலியையும்தான் பிடித்துக்கொண்டிருக்க முடியும்.

இனி கடுக்காய். கல்வராயன் மலைக் கடுக்காய்க்கு நாட்டு மருந்துக் கடைகளில் நல்ல பெயர் உண்டு. திரிபலா சூரணத்தில் நெல்லி, தான்றியோடு சேரும் மூன்றாவது காய் இது. தோலைப் பதப்படுத்தவும் இது வேண்டும். அதனால் ஒரு காலத்தில் தோல் தொழிலுக்கும் மூட்டை மூட்டையாகப் போன சரக்கு. சித்த வைத்தியத்தில் கடுக்காயின் கொட்டை நஞ்சு, தோடுதான் மருந்து. ஆக, காய வைத்து, உடைத்து, கொட்டை நீக்கித் தோடாகக் கொடுத்தால் மதிப்பு கூடும். காயாகவே கொடுத்தால் கொட்டையின் எடையைக் கழித்துத்தான் வியாபாரி விலை சொல்வார். வெயிலில் வாரக்கணக்கில் காய வேண்டும். ஒரு மழை நனைந்தால் பூசணம் பிடிக்கும். களமும் தார்ப்பாயும் இருக்கிற வீடு தோடாக விற்கிறது, இல்லாத வீடு பச்சையாகக் கொட்டிவிட்டு வருகிறது.

புளிக்கு வருவோம், அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. சிறு வனப் பொருள்களுக்கு மத்திய அரசு 2013-14 முதல் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2020 மே மாதம் திருத்திய பட்டியலில் கொட்டைப் புளி கிலோ 36 ரூபாய், கொட்டை எடுத்த புளி 63 ரூபாய். கடுக்காய் 15, காட்டுத் தேன் 225, சீமாற்றுப் புல் 50. சந்தை விலை இதற்கு மேலும் போகும், கீழும் போகும். கணக்குப் புரிய இந்த எண்களையே எடுத்துக்கொள்வோம்.

நூறு கிலோ கொட்டைப் புளி 3,600 ரூபாய். கொட்டை எடுத்தால் எவ்வளவு தேறும்? ஓடு நீக்கிய புளியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொட்டைதான். அறுபது கிலோ தேறியது என்று வைத்தால், 63 வீதம் 3,780 ரூபாய். அந்த அக்கா நாள் கணக்கில் குந்தியிருந்து, நகக்கண் எரிய எரியக் கொட்டை எடுத்ததற்கு அதிகப்படி 180 ரூபாய். இந்தக் கணக்கை அவர் வீட்டுத் திண்ணையிலேயே போட்டுப் பார்த்தேன், எனக்கே நம்ப முடியவில்லை, இரண்டு தடவை போட்டேன்.

"கொட்டைய எண்ணலியே நீங்க" என்றார் அக்கா.

சரிதான். நாற்பது கிலோ கொட்டை இருக்கிறது. புளியங்கொட்டை மாவு நெசவு ஆலைகளில் பாவுக்குக் கஞ்சி போடப் போகிறது, அதற்கும் வியாபாரி வருகிறார். கூலி அந்தச் சாக்கில்தான் இருக்கிறது. அடுத்தவர் புளியைக் கூலிக்குத் தட்டிக் கொடுக்கிற பெண்களுக்கு அந்தச் சாக்கும் சொந்தமில்லை.

பிறகு புளியில் லாபம் எங்கே இருக்கிறது? காத்திருப்பதில். பங்குனியில் எல்லா வீட்டுப் புளியும் ஒரே நேரத்தில் இறங்குகிறது, விலை படுக்கிறது. வியாபாரி அதை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் நிறம் மாறாமல் வைத்து, வரத்து நின்ற பிறகு எடுக்கிறார். கிடங்கு இல்லாத மலை வீட்டிலும் உப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைத்தால் புளி கெடாது, கொஞ்சம் கறுக்கும். கிழங்கைப் போல அழுகுகிற பொருள் இல்லை இது. மலையில் கிடைக்கிறவற்றில் காத்திருக்கத் தெரிந்த பொருள்கள் புளி, கடுக்காய், தேன் போன்றவை. காத்திருக்க முடியாமல் போவது வீடு.

ஏன் முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

ஆடி, ஆவணி, புரட்டாசி மூன்றும் மலைக்குக் கையிருப்பில்லாத மாதங்கள். சாமை அப்போதுதான் பச்சையாக நிற்கும், கிழங்கு முற்றியிருக்காது, புளிக் காசு தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடச் செலவு, காய்ச்சல், சாமி காரியம் எல்லாம் அப்போதுதான் வரும். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வருகிறார். குடகுக்குக் காபி பறிக்க, கேரளாவுக்கு மிளகு பறிக்க ஆள் வேண்டும். கையில் அட்வான்ஸ். வாங்கியவர்கள் கார்த்திகை வாக்கில் புருஷன் பெண்டாட்டியாகப் பை தூக்கிப் போய், பங்குனி சித்திரையில் திரும்புவார்கள். மாதங்களைக் கவனியுங்கள். காபியும் மிளகும் பழுக்கிற அதே மாதங்களில்தான் இங்கே கடுக்காய் உதிர்கிறது, புளி விழுகிறது, கிழங்கு தோண்டுகிறார்கள். மலை சம்பாத்தியம் கொடுக்கிற காலத்தில் மலையில் ஆள் இல்லை. வீட்டில் கிழவியும் சின்னப் பிள்ளைகளும். புளியை மரத்தோடு விலை பேசி வியாபாரியிடம் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள்.

தோட்ட வேலை தப்பான வேலை என்று நான் சொல்லவில்லை. அங்கே கூலி கூட, அதை நம்பி வீடு கட்டியவர்கள் உண்டு. ஆடியில் வாங்கிய பணத்துக்காகத் தையைக் கொடுத்துவிடுவதைத்தான் சொல்கிறேன்.

அட்வான்ஸ் கொடுத்து ஆள் சேர்ப்பவர்கள் எல்லோரும் தோட்டத்துக்கு மட்டும் கூட்டிப் போவதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். பலர் ஜவ்வாது மலை, சித்தேரி மலை போன்ற மலைப் பகுதிகளைச் சேர்ந்த கூலிகள். கல்வராயன் மலையிலும் அந்தச் செய்தி ஒவ்வொரு வீட்டையும் உலுக்கியிருக்கும். இந்த மலைக்கு இன்னொரு கெட்ட பெயர் சாராயம். கீழேயிருந்து வெல்லம் ஏறும், மேலேயிருந்து கேன் இறங்கும். தூக்கிச் சுமந்தவனுக்கு நாள் கூலி, வழக்கு மட்டும் அவன் பெயரில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்ரமணியமும் சி.குமரப்பனும் இந்த மலை மக்களின் வாழ்நிலையைத் தாமாக முன்வந்து வழக்காக எடுத்தார்கள். சாராயத்தை ஒழிக்க வேண்டுமானால் மலையில் பிழைப்பு வேண்டும் என்பதை நீதிமன்றம் வரை கொண்டுபோக அத்தனை உயிர் போக வேண்டியிருந்தது.

முன்பணத்துக்கு வருவோம். இந்த மலை அடுத்தவர் பிடியில் இருந்த கதை பழையது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்த மலை இது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட முப்பது ஆண்டு கழித்து, 1976-ல்தான் ஜாகீர் முறை முடிந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976. முன்பணம் கொடுத்து ஒருவரின் உழைப்பைக் கட்டிப்போடுவதைத்தான் அந்தச் சட்டம் குற்றம் என்றது.

சரி, ஆடிக்கு என்ன வழி? அக்காவின் வீட்டில் அதற்குப் பதில் இருந்தது. மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். சேமிப்பிலிருந்து உள்கடன் எடுக்கிறார்கள், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மூன்று வருஷமாக ஆடியில் அவர் குழுவில் ஐயாயிரம் எடுக்கிறார், தையில் கடுக்காய்த் தோட்டுக் காசில் கட்டுகிறார். மேஸ்திரி வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறாராம். மகனும் மருமகளும் இப்போது ஊரில் இருக்கிறார்கள். இது பெரிய திட்டம் ஒன்றுமில்லை, ஐயாயிரம் ரூபாய். ஆனால் அது ஒரு குடும்பத்தின் நாலு மாதத்தை அவர்கள் கையிலேயே வைத்திருக்கிறது.

சட்டமும் இவர்கள் பக்கம்தான். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பாரம்பரியமாகச் சேகரித்து வந்த சிறு வனப் பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் பழங்குடியினருக்கு உரிமை கொடுத்திருக்கிறது. தேன், மூங்கில், மூலிகை எல்லாம் அதில் அடங்கும். 2018-ல் தொடங்கிய வன் தன் திட்டத்தில் முந்நூறு பேர் சேர்ந்தால் உடைக்க, அரைக்க, பொதிய 15 லட்சம் வரை மானியம் உண்டு. மலைவாழ் மக்களுக்கென்றே பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. இவையெல்லாம் எந்தக் கரியாலூர் வீட்டுக்கு உதவும் என்பதை நான் ஒரே கேள்வியால்தான் அளப்பேன்: பங்குனியில் புளி மூட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, அதன் பேரில் அன்றைக்கே பாதிப் பணம் கொடுக்குமா? கொடுத்தால் வீடு காத்திருக்கும்.

டூரிஸ்ட் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வார இறுதியில் தேன் பாட்டில் விற்பது நல்ல வருமானம்தான். மலைத்தேனில் ஈரம் அதிகம், இருபது சதவீதத்தைத் தாண்டினால் சீக்கிரம் புளித்துப் பொங்கும். அடை பாதி மூடுவதற்குள் எடுத்த தேன்தான் பெரும்பாலும் இப்படி ஆகும். முழுக்க மெழுகு மூடிய அடையில் எடுத்தால் தேன் நிற்கும். அங்கேயும் காத்திருக்கிறவருக்குத்தான் பேர்.

கிளம்பும்போது முறத்தில் இருந்த புளியைப் பார்த்து, இரண்டு கிலோ கொடுங்கள் அக்கா, வீட்டுக்கு எடுத்துப் போகிறேன் என்று பர்ஸை எடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவர் இரண்டு பிடி புளியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

"ரசத்துக்கு இது போதும். கிலோவெல்லாம் இப்பக் குடுக்கறதில்ல தம்பி. ஐப்பசி கழிச்சு வாங்க, வெல சொல்றேன்."

(தொடரும்)