விலைகொடுத்து வாங்கிய மழைக்காடு

நிலம் வாங்குவோர் முதலில் கேட்பது, அது என்ன வருவாய் தரும் என்பதே. 1991-ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் 55 ஏக்கர் வாங்கிய அனில் மல்ஹோத்ரா, பமேலா தம்பதியர் அக்கேள்வியைக் கேட்கவேயில்லை. விற்றவருக்கு அந்நிலத்தில் காபியும் விளையவில்லை, வேறு பயிரும் விளையவில்லை. இவர்களுக்கு வேண்டியது காடு.

இருவரும் ஹவாய்த் தீவுகளில் வாழ்ந்தவர்கள். 1986-இல் அனிலின் தந்தை மறைந்தபோது இந்தியா வந்தவர்கள், ஹரித்துவாரில் கங்கையும் சுற்றியிருந்த காடுகளும் அழிந்துவரும் நிலையைக் கண்டு மனம் வருந்தினர். வடக்கே நிலம் வாங்க முயன்றபோது நில உச்சவரம்புச் சட்டம் குறுக்கிட்டது. பிறகே தெற்கு நோக்கி வந்து குடகை அடைந்தனர். சொந்தச் சேமிப்பைக் கொண்டு, அண்டை விவசாயிகள் கைவிட்ட நிலங்களையும் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தனர். இன்று ஏறத்தாழ 300 ஏக்கர் பரப்புள்ள ‘சாய் சரணாலயம்’ இவ்வாறு உருவானது. இந்தியாவில் தனியார் வனவிலங்குச் சரணாலயம் என்றாலே பலரும் முதலில் சுட்டுவது இதனைத்தான்.

வாங்குவது எளிது, காப்பதுதான் கடினம். வேட்டைக்காரர்களைத் தடுக்கவும், காட்டில் மனிதருக்கு என்ன வேலை என்று கேட்போருக்கு விடை சொல்லவும் ஆண்டுகள் பல தேவைப்பட்டன. ஆனால், தொல்லையின்றி விடப்பட்ட மண்ணில் மரங்கள் நிமிர்ந்தன. யானை, புலி, சிறுத்தை, நீர்நாய், மலபார் மலையணில், இருவாட்சி என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இருவாட்சி பழத்தை உண்டு தொலைவில் விதையைத் துப்பும். யானையின் சாணத்திலும் கன்றுகள் முளைக்கும். கூலியில்லா வேலையாட்கள் இவர்களே!

காயமுற்ற விலங்கைக் காப்பாற்றுவது பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். குணமானபின் அதனை எங்கே விடுவது என்பதைக் குறைவாகவே எண்ணுகிறோம். மனிதர் கையில் வளர்ந்த குரங்குக்குட்டி மீண்டும் ஊரையே நாடும். ஆகவே, மறுவாழ்வு தரும் இடங்களில் மனித வாடையையும் குரலையும் இயன்றவரை குறைத்து, தானே இரைதேடப் பழக்கி, படிப்படியாக விடுவிக்கின்றனர். அதற்கும் நீரும் நிழலும் இரையும் உள்ள, வேட்டையற்ற காடு வேண்டும். அத்தகைய காடு சிறிதாயினும், பக்கத்துக் காடுகளுடன் தொடர்ந்திருந்தால் அதன் மதிப்பு ஏக்கர் கணக்கைக் கடந்தது.

வாடிக்கையாளர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி, சட்டத்தின் பாதுகாப்புக்குட்பட்ட காட்டு விலங்கு அரசின் உடைமை. அத்தகைய விலங்கு ஒருவர் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ அதற்கென அமர்த்தப்பட்ட அலுவலருக்கோ தெரிவிக்க வேண்டும். அன்பினால் வீட்டில் வைத்துக்கொள்வதும் சட்டப்படி குற்றமாகும். சரணாலயம் நடத்துவோரும் இதற்கு விலக்கல்லர்.

பமேலாவுக்கு 2017-இல் குடியரசுத் தலைவர் ‘நாரி சக்தி’ விருதை வழங்கினார். அனில் 2021-இல் காலமானார். முப்பதாண்டுகளுக்குமுன் பயனற்றதென விற்கப்பட்ட அந்த 55 ஏக்கரில் இன்று யானைகள் நீர் அருந்துகின்றன.